மிச்சம் ஆறு நிமிடம்

"பாதி ஸ்டெப்புல பிடுங்கினா எப்படி சார்?"

"விடை தெரிஞ்சுபோச்சுல்ல டீச்சர்? அப்புறம் எதுக்கு எழுதிட்டே இருக்கீங்க?"

"தெரிஞ்சா போதுமா? எழுதிக் காட்ட வேண்டாமா?"

"யாருக்குக் காட்டப் போறீங்க? கம்ப்யூட்டருக்கா?"

தாளின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை அவள் கையில்.

கிழியவில்லை. இரண்டு பேரும் வாத்தியார்கள். விடைத்தாளைக் கிழிக்கக் கை வராது.

சேலம் ஹவுசிங் போர்டில் சி பிளாக் முழுக்கக் கேட்டது. கேட்காமல் என்ன? அவன் வருகிற நாளெல்லாம் அந்த வீட்டுக் கதவு அகலத் திறந்திருக்கும். அவள் அப்பாவின் ஏற்பாடு அது. கதவோரம் நாற்காலியைப் போட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். ஒரே பக்கத்தை ஒன்றரை மணி நேரம் படிப்பார்.

அவள் கோகிலவாணி, கணக்கு டீச்சர். அவன் தனபாலன், அதே பள்ளியில் பிசிக்ஸ், அதே பிளாக்கில் வீடு. அமெரிக்காவில் மேலே படிக்கக் கம்ப்யூட்டரில் எழுதும் ஜி.ஆர்.இ. பரீட்சைக்கு அவள் பழக, அவன் ஸ்டாப்வாட்ச் பிடித்தான்.

சண்டை ஒரு தண்ணீர்த் தொட்டியால் வந்தது. ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும். இன்னொன்று எட்டில். மூன்றாவது பன்னிரண்டில் காலி செய்யும். மூன்றையும் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்?

பார்த்தவுடனே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. அதுதான் வேடிக்கை.

தெரிந்த பிறகும் அளவுகோல் வைத்து மார்ஜின் போட்டாள். 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதி அடிக்கோடிட்டாள். வலப்பக்க மேல்மூலையில், மதிப்பெண் போட ஒரு சின்னக் கட்டம்.

ஒன்பது வருடம் பிள்ளைகளுக்கு ஸ்டெப் மார்க் வெட்டிய கை. சொன்னால் கேட்குமா?

ஒரு கணக்குக்கு ஒன்றே முக்கால் நிமிடம்தான். போன முறை கடைசி ஐந்து கணக்குகளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் எழுந்து வந்தாள். இதுதான் கடைசி முறை. இதையும் கோட்டைவிட்டால், ஆராய்ச்சிப் படிப்பை மூட்டை கட்டிவிட்டு நாமக்கல் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

தேறினால் அமெரிக்கா. தேறாவிட்டால் நாமக்கல்.

இரண்டிலும் சி பிளாக் இல்லை.

அது தனபாலனுக்குத் தெரியும். அவன் மனதில் இருந்தது சி பிளாக்குக்கே தெரியும். இரண்டாம் மாடி லலிதாக்கா மாடிப்படியில் மடக்கிக் கேட்டேவிட்டாள்.

"ஏன் தம்பி, கணக்கு மட்டும்தான் சொல்லித் தர்றியா? வேற ஏதாச்சும் கேக்கவும் போறியா?"

அவன் மணியைப் பார்த்தான். சங்கடம் வந்தால் மணி பார்க்கிற சுபாவம்.

சண்டை போட்ட அன்று அவள்தான் முதலில் தாளை விட்டாள். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து அளவுகோலும் அவனிடம்.

முதல் வாரம் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு விடை சொன்னாள்.

இரண்டாம் வாரம், புரியாத கணக்கைத் தாண்டிப் போனாள். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் வாரம் அதுவும் இல்லை.

பரீட்சைக்கு முந்தின மாலை. இருபத்தேழு கணக்குகள், நாற்பத்தேழு நிமிடங்கள். நாற்பத்தோராவது நிமிடத்தில் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

ஆறு நிமிடம் மிச்சம்.

அவள் அப்பா அன்றைக்கென்று பேப்பரை மடித்தார். தொண்டையைச் செருமினார். எழுந்து உள்ளே போனார்.

போனவர் வரவில்லை.

"மிச்சம் இருக்கிற நேரத்துல என்ன சார் பண்றது?"

அவள் திரையைப் பார்த்துக் கேட்கவில்லை. அவனைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் ஸ்டாப்வாட்சைப் பார்த்தான்.

ஐந்து நிமிடம்.

எதிர் வீட்டில் யாரோ டிவியைச் சத்தம் குறைத்தார்கள்.

மூன்று.

அவன் வாயைத் திறந்தான்.

"சரிபாருங்க டீச்சர்."

அவள் சரிபார்த்தாள்.

மறுநாள் கோவையில் எழுதினாள். கணக்கில் நூற்றெழுபதுக்கு நூற்று அறுபத்தெட்டு. அடுத்த ஆகஸ்டில் கிளம்பினாள். சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட அவனும் வந்திருந்தான்.

"வரேன் சார்" என்றாள். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.

"நேரமாச்சு டீச்சர். ஏறுங்க."

நேரத்தில் கில்லாடி. யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டு வருடம் கழித்து அங்கேயே கல்யாணம். கூட ஆராய்ச்சி செய்யும் புவனேஸ்வர் பையன். தங்கமானவன், வீடியோவில் பேசினால் மாமனாரைத் தமிழிலேயே நலம் விசாரிக்கிறான். அவள் அப்பா வீடு வீடாக லட்டு கொடுத்தார். தனபாலன் வீட்டில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதமே தனபாலன் தருமபுரியில் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். பெண் பார்ப்பதாகக் கேள்வி. இன்னும் ஒன்றும் அமையவில்லை.

அவன் காலி செய்த வீட்டைப் பார்க்க லலிதாக்கா போனாள். தங்கைக்கு வாடகைக்குக் கேட்கத்தான் என்றாள். இருக்கட்டும். அலமாரியில் விரித்த பேப்பருக்கடியில் ஒரு தாள் இருந்தது. நான்காக மடித்த தடம்.

பாதிவரை அவள் கையெழுத்து. மார்ஜின், அடிக்கோடு எல்லாம்.

அதன்கீழ் அவன் எழுத்து. ஒரு ஸ்டெப்பையும் விடவில்லை. தொட்டி நான்கு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தில் நிரம்பியிருந்தது. விடைக்குக் கீழே அளவுகோல் வைத்து இரண்டு கோடு.

மேல்மூலையில் அவள் போட்ட கட்டம் மட்டும் காலியாக இருந்தது.