மருமகள் செய்த பூஜை

ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த நர்ஸ், கால் கெஞ்சக் கெஞ்சக் குளித்துவிட்டு லட்சுமி பூஜைக்கு உட்கார்ந்தாள்.

"கலசத்தைக் கிழக்கே பார்த்து வைடி. பூவெல்லாம் வாடிக் கிடக்கு பாரு!" இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடந்த மாமியாருக்கு வாய் மட்டும் ஓயவில்லை.

"கடையில இதுதான் இருந்துச்சு, அத்தை."

"மகாலட்சுமிக்கு வாடின பூவா? நான் நடமாடுனப்ப இப்படி நடந்ததே இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கேற்றினாள். கண் சொருகியது. பாட்டு பாதியில் மறந்துபோக, மாமியார்தான் எடுத்துக்கொடுத்தாள்.

ஆரத்தி முடிந்ததும் போன் அடித்தது. மகன். மாமியார் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இங்க பூஜை முடிஞ்சுது. உன் மருமக ஆசீர்வாதம் கேக்குறா, பேசு."

நர்ஸ் தட்டோடு சமையலறைக்கு நகர்ந்தாள். அவனை விவாகரத்து செய்து இரண்டு வருஷமாகிவிட்டது.

"உன் பொண்டாட்டி நல்லா இருக்கட்டும்டா. என் மருமக இப்பத்தான் பூஜைய முடிச்சா, இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல. போனை வை."

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "அடியே, மொதல்ல சாப்பிடு! பாத்திரம் எங்கயும் ஓடிடாது."