பூனையின் சாட்சி

"பாய்ந்து கழுத்தைப் பிடித்தேன், சகோதரரே. அந்த எலி எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தது தெரியுமா?" என்று ஆலயத்துப் பூனை அழுதுகொண்டே சாட்சி சொன்னது. அது ஞானஸ்நானம் எடுத்து நாலு வாரம் ஆகிறது. நாலு வாரமும் இதே சாட்சிதான். கூட்டத்தில் இருந்த கோழி உருகிப்போய் "ஆமென்" என்றது. பூனைக்குப் பால் குடித்த சுகமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் சுண்டெலி ஒன்று பக்கத்தில் வந்தது.

"பிரதர், நீங்க தின்னது எங்க சித்தப்பாவை."

"தெரியும். அதுக்குத்தானே அழுதேன்."

"அழுதீங்க. ஆனா வாராவாரம் அவர் கொழுத்துக்கிட்டே போறாரே. நிஜத்துல ஒல்லியான மனுஷன். இன்னிக்கு வேற ரெண்டு தரம் உதட்டை நக்கினீங்க."

பூனை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "பழைய வாழ்க்கையைச் சொல்லாம எப்படிச் சாட்சி சொல்றது?"

"தாராளமா சொல்லுங்க. சித்தியாலதான் கேக்க வர முடியல. ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால ஆறு பிள்ளைகளோட கிடக்குறாங்க. பொந்துக்கு எதிர்லயே நீங்க படுத்து ஜெபம் பண்றீங்க. இரை தேட எப்படி வெளிய வருவாங்க?"

"அங்கதான் காத்து நல்லா வருது" என்றது பூனை. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கோழி இந்தமுறை ஆமென் சொல்லவில்லை.

மதியம் ஆலயக் காவல்காரர் மனைவி போட்ட மீன் தலையைப் பூனை தின்னாமல் கவ்விக்கொண்டு நடந்தது. வழியில் பலமுறை நின்றது. கடைசியில் அதை ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஆலயத்தின் மறுகோடிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.