நூராத பிரேக் லைற்

தொண்ணூற்றேழில் மல்லாவியில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த அருளப்புவிடம், தன் பழைய வண்டியை உருட்டிவந்த துரைசிங்கம் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"பிரேக் லைற் எரிஞ்சபடியே நிக்குது தம்பி. நூருதில்லை."

அருளப்பு பற்றரிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பற்றரி இல்லை; துரைசிங்கம் குளிக்கக் கொண்டுபோகும் சவர்க்காரக் கட்டிதான் இருந்தது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வந்தே எத்தனையோ வருஷம். எஞ்சினும் ஓடவில்லை. பின்னால் சிவப்பு லைற் மட்டும் பளிச்சென்று எரிந்தது.

சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் றேடியோச் செய்தி கேட்டே கை உளைந்தவன் அவன். ஓடிப்போய் றேடியோவைத் தூக்கிவந்து லைற் வயரில் கொழுவினான். றேடியோ பாடத் தொடங்கியது!

கரண்ட் எங்கிருந்து வருகிறதென்று வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது பிரேக் பெடலில் போய் நின்றது. பெடல் அடிவரை அமிழ்ந்திருந்தது. ஸ்பிரிங் நல்ல இறுக்கம். விரலால் நிமிர்த்தினால் பாட்டு நின்றது. விட்டால் பெடல் திரும்ப அமிழ்ந்தது.

"பிழையைப் பிடிச்சிட்டன் அண்ணை! ஆரோ ஒராள் மிதிச்சுக்கொண்டிருக்கிறார்!"

துரைசிங்கம் இரண்டடி பின்னால் போனார். அருளப்பு அதே சந்தோஷத்தில் பெடலைப் பார்த்து, "ஒருக்கால் காலை எடுங்கோ பாப்பம்" என்றான்.

லைற் நூர்ந்தது. றேடியோ அடங்கியது. ஆள் இறங்கினால் எழும்புவதுபோல, சீட் கீச்சென்று மேலெழும்பியது.

"ஐயோ, போகாதேங்கோ! இருங்கோ, இருங்கோ! இப்ப செய்தி தொடங்கப்போகுது!"

சீட் மெல்லத் தாழ்ந்தது.