ஆடிப்பிறப்புக்குச் சம்பளம்

"நாளைக்கு ஆடிப்பிறப்பெண்டு வேலைக்கு வராமல் நிண்டால் ஒருநாள் சம்பளம் வெட்டு" என்றார் மனேச்சர் லாபிர்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் இருந்த அந்தத் துணிக்கடை ஒரு கொழும்புக் கொம்பனியுடையது. சட்டமும் கொழும்பிலிருந்துதான் வரும். அந்தச் சட்டப் புத்தகம் எந்நேரமும் லாபிரின் கக்கத்தில் இருக்கும்.

விற்பனைக்கு நிற்கும் தம்பிஐயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெசாக்குக்குக் கடையைப் பூட்டிச் சம்பளமும் தாறியள். ஊரெல்லாம் கூழ் காய்ச்சிற நாளுக்கு ஏன் இல்லை?"

"கொழும்பிலை உப்பிடி ஒரு நாள் இல்லை, அண்ணை. புத்தகத்திலையும் இல்லை."

"கலியாணத்துக்குப் பிறகு மகளும் மருமகனும் முதன்முதலாய் வல்வெட்டித்துறையிலையிருந்து வருகினம். நான் வீட்டிலை நிக்கவேண்டாமோ?"

"நாளைக்கு எட்டு மணிக்கு எல்லாரும் கடை வாசலிலை நிக்கவேணும்."

இவரெல்லாம் ஒரு மனிசனா என்று கடை ஆட்கள் ஐந்து பேரும் பல்லைக் கடித்தார்கள். ஆனாலும் ஒருநாள் சம்பளத்தை இழக்க யாருக்கு வசதி?

மறுநாள் ஐந்து பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். லாபிர் சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். மற்றப் பையையும் தடவினார்.

"திறப்பைக் காணேல்லை!"

ஒன்பது மணிவரை தேடியும் கிடைக்கவில்லை.

"பூட்டை உடைப்பமோ?" என்றார் அருட்பிரகாசம். அவரும் கடை ஆள்தான்.

"கொம்பனிப் பூட்டை உடைக்க நீர் ஆர்?" என்று பாய்ந்த லாபிர், புத்தகத்தை விரித்து வாசித்தார்.

"கொம்பனியின் பிழையால் கடை திறபடாவிட்டால், வந்து நின்றவர்களுக்கு முழுச் சம்பளம். திறப்பைத் தொலைத்தவருக்கு ஒருநாள் சம்பளம் வெட்டு." புத்தகத்தை மூடினார். "போங்கோ, எல்லாரும் வீட்டை போங்கோ."

சந்தி திரும்பும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"நல்லா வேணும் உவருக்கு!" என்றார் தம்பிஐயா.

மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து கூழ் குடித்தபோது அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பின்னேரம் லாபிரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. ஒரு செம்பு நிறையக் கூழோடு சோனகதெருவிலிருந்த லாபிர் வீட்டுக்குப் போனார்.

லாபிர் பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். அவர் மனைவி சுஹறாதான் செம்பை வாங்கிக்கொண்டாள்.

"துலைஞ்ச திறப்புக் கிடைச்சிட்டுதோ, தங்கச்சி?"

"அது அரிசிப் பானைக்குள்ளைதானே கிடக்கு, அண்ணை! 'நாளைக்குத் திறப்புத் துலையப்போகுது, மத்தியானம் எனக்கும் சோறு போடு' எண்டு நேற்றே சொல்லித்தானே உள்ளை போட்டவர்!"