செக்கடியை விட்டு

எண்ணெய்ச் செக்கு இழுத்து ஓய்வுபெற்ற செவலைக் காளையும் அவன் மனைவி மயிலைப் பசுவும் புது இடம் தேடிக் கிளம்பினார்கள். அவளுக்கு ஏரிக்கரை வேண்டும், அவனுக்கு மலையடிவாரம். “வழியை எங்கிட்ட விடு” என்று செவலை முன்னால் நடந்தான்.

பொழுது சாயும்போது எதிரே ஒரு செக்கு நின்றது.

“அட, இந்த ஊர்லயும் செக்கு இருக்கே!” என்றான்.

“இது நம்ம ஊர்தாங்க. நீங்க வட்டமாவே நடந்திருக்கீங்க. நாளைக்கு நான் முன்னால போறேன்” என்றாள் மயிலை.

“ஏரிக்குத்தானே?”

“முதல்ல நேராப் போவோம். அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.”

மறுநாள் அவள் வாலையே பார்த்து நடந்த செவலை, ஒரு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் செக்கு எள்ளளவாகத் தெரிந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“ஏரியோ மலையோ, நீ நட” என்றான். “அது மறையுதான்னு பார்க்கணும்.”