கடிகாரம் பொய் சொல்லாது

"குண்டு வெடிச்ச இடத்துல யாராவது இவ்வளவு அமைதியா உட்கார்ந்திருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க சார்."

பஸ் நிலையத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர் கேட்டது மேலாளரிடம். காட்டியது கம்ப்யூட்டரில் இருந்த படத்தை. படத்தில் உட்கார்ந்திருந்த துப்புரவு அக்கா, அதே அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

அது அவர்கள் இருவருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

ஊரறிந்த படம்தான். இரண்டு மாதம் முன்பு, காலை ஆறு இருபத்தைந்துக்குப் பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. பதினோரு பேர் இறந்துபோனார்கள். அடுத்த சில நிமிடங்களில் யாரோ ஒரு பயணி எடுத்த படம். சுமை தூக்கும் கணவரின் ரத்தம் வழியும் தலையை மடியில் வைத்தபடி அக்கா. பின்னால் நிலையத்தின் முகப்புக் கடிகாரம்.

கடிகாரத்தில் மணி ஆறு பத்து.

அது போதாதா? வெடிப்பதற்குக் கால் மணி முன்பே ரத்தம் எப்படி வந்தது? ஆகவே எல்லாம் நாடகம், அக்கா நடிகை, கணவர் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார். மேற்பார்வையாளர் இதைக் கண்டுபிடிக்க வேலை நேரம் முழுவதையும் தியாகம் செய்திருந்தார். எதையும் பெரிதாக்கிப் பார்ப்பதால் அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர். மரியாதையாக வைத்த பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

மேஜையில் ஒரு மனு. படத்தின் உண்மை தெரியும்வரை நினைவுப் பலகையில் பெயர்களை வெட்டக் கூடாது என்று நாற்பது கையெழுத்து. பலகை சாயங்காலம் கல் வெட்டுகிறவரிடம் போகிறது. மேலாளர் கையெழுத்துப் போட்டால் நின்றுவிடும்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் இப்போ எந்த ஊர்ல?" என்றார் பூதக்கண்ணாடி.

"மண்ணுக்குள்ள இருக்கார் சார். அடக்கத்துக்கு நீங்களும் வந்தீங்களே."

"வந்தேன். பெட்டியை மூடித்தானே வெச்சிருந்தீங்க."

அக்கா துணியைப் பிழிந்தார். "கடிகாரம் குண்டு வெடிக்கிறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே நின்னுபோச்சு சார். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன்."

"கடிகாரம் பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் சொல்லுவான்."

பூதக்கண்ணாடி பதிவேட்டை எடுத்து விரித்தார். திங்கட்கிழமைதோறும் 'முகப்புக் கடிகாரம் சரியாக ஓடுகிறது', கீழே கையெழுத்து. ஆறு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டதுபோல அத்தனை ஒழுங்கு.

"எழுத்துல இருக்கு சார். இவங்க வாயால சொல்றதை வெச்சு என்ன பண்றது?"

மேலாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். "கடிகாரம்தான் அப்புறம் முகப்பை இடிச்சப்போ தூளாயிடுச்சே. வேற ஏதாவது இருக்கா? நிழல் கிழல்னு ஏதோ சொன்னீங்க."

"நிழலைப் பார்த்தே நேரம் சொல்லிடுவேன் சார். இதோ, இதையே எடுத்துக்குங்க."

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். குண்டு வெடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 'சிறந்த பராமரிப்பு' விருதை மேலாளர் அவருக்குக் கொடுக்கும் படம். கண்ணாடி பளபளத்தது.

"இந்தம்மாவை நான் என்ன பேசினாலும், என் படத்தை ஒரு நாள்கூட துடைக்காம விட்டதில்ல சார். அந்த மரியாதை மட்டும் இருக்கு. சரி, நிழலைப் பாருங்க. காலடியிலேயே சுருண்டு கிடக்கு. அப்போ மணி என்ன? உச்சிப் பொழுது. பன்னிரண்டு."

"ஆமா, பன்னிரண்டுதான்," என்றார் மேலாளர். "முடிஞ்சதும் நேரா சாப்பிடப் போனோம்."

அக்கா நிமிர்ந்தார். "பன்னிரண்டுன்னு உறுதியா சொல்றீங்களா சார்?"

"நிழல்ல நான் தப்பு பண்ணினதே இல்ல."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மனுவின் மேல் வைத்தார்.

"படத்துல உங்க தலைக்கு மேல பாருங்க சார்."

இருவரும் பார்த்தார்கள். விருது வாங்குகிறவர் தலைக்கும் கொடுக்கிறவர் தலைக்கும் நடுவே, சற்று மேலே, முகப்புக் கடிகாரம்.

மணி ஆறு பத்து.

இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பூதக்கண்ணாடிக்கு எதையும் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. சுவரில் இருந்த அந்தப் படத்தை அவர் நாளுக்குப் பத்துத் தடவை பார்த்திருப்பார். ஆனால் அதில் அவரே இருந்ததால் வேறெதையும் பார்க்க நேரமில்லை.

மேலாளர் மனுவை உருவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படத்தில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பலகை சாயங்காலம் போகட்டும். எல்லாப் பேரும் இருக்கணும்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தப் படம் இனிமே இங்க வேணாம். எங்கேயாவது உள்ளே போட்டுடுங்க."

"மாட்டியே இருக்கட்டும் சார்," என்றார் அக்கா.

"எதுக்கு? எங்களை அசிங்கப்படுத்தவா?" என்றார் பூதக்கண்ணாடி.

அக்கா கண்ணாடியில் பதிந்திருந்த விரல் ரேகையைத் துடைத்தார். துணி இருவர் முகத்தையும் தாண்டி, படத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது. விழாவுக்கு நாற்காலி தூக்கி வந்த ஒருவர், தலையில் சும்மாட்டுத் துணியோடு, படத்தின் விளிம்பில் பாதி உடம்பு மறைந்து நின்றுகொண்டிருந்தார்.

"அவர் சிரிச்ச படம் எங்கிட்ட வேற இல்ல சார். அதான் தினமும் துடைக்கிறேன்."