வாயில விரல்

“இன்னைக்கு எண்ணூறு வாத்தியார்களை வாயில விரல் வைக்க வெச்சேன், அத்தை,” என்று செருப்பை உதறியபடி உள்ளே வந்தாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

“அளக்குறா, நம்பாதம்மா,” என்றது சோபாவில் விரித்திருந்த பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவனின் குரல்.

மாமியார் டிவியை அணைத்துவிட்டார். “சங்கக் கூட்டத்துலயா?”

“ஆமா. நிரந்தர வாத்தியார்களுக்கு மட்டும் சம்பள உயர்வாம், நாளைக்கு ஒப்பந்தத்துல கையெழுத்தாம். என்னை மாதிரி தற்காலிகங்களை அப்புறம் பார்த்துக்கலாமாம். தலைவர் அறிவிக்கிறார், இவங்க கை தட்டுறாங்க. நானும் அதே மாதிரி தொண்டை கிழியத்தானே கத்துறேன், எனக்கு மட்டும் பாதிச் சம்பளமா? பெஞ்சு மேல ஏறினேன். ‘எல்லாரும் வாயில விரல்!’னு போட்டேன் ஒரு சத்தம்.”

இப்போது போட்டதே நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“வெச்சுட்டாங்களா?”

“பழக்கதோஷம், அத்தை. பிள்ளைங்களுக்கு தினமும் வெச்சுக் காட்டுற கைதானே. மண்டபமே அடங்கிப் போச்சு. ‘எங்களை விட்டுட்டுக் கையெழுத்துப் போடலாம்கிறவங்க மட்டும் விரலை எடுங்க’ன்னேன். ஒருத்தர் எடுக்கலை.”

“மேடையில இருந்தவங்க?”

“அவங்களும்தான்.”

“கதை,” என்றது பேப்பர். “தலைவர் எதுக்கு வாயில விரல் வைக்கணும்?”

மாமியார் எழுந்து போய்ப் பேப்பரைப் பிடுங்கினார். “தலைவரே, உன்னைப் பெத்தவ கேக்குறேன். வெச்சியா இல்லையா?”

சங்கத் தலைவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இன்னும் இறங்கவில்லை.

“முதல்ல வெச்சதே நான்தாம்மா,” என்றார். “நாளைக்குக் கையெழுத்தும் போடலை.”